கதிராயிகிட்ட யாரும் சொல்லலை

ஒரு ஊர்ல ஒரு காது இருந்துச்சாம்.

சிரிக்காதே. காதுதான். ஆளு இல்ல, முகம் இல்ல, தோடு இல்ல, ஒத்தக் காது மட்டும். எவ்வளவு பெரிசுங்கறே? நம்ம கோயில் தெப்பக்குளத்தை அப்படியே பேத்து எடுத்து ஒரு தூண் மேல உக்கார வச்சா எப்படி இருக்கும், அவ்வளவு பெரிசு. வெள்ளை வெளேர்னு. காக்கா வந்து விளிம்புல உக்காரும், சர்ர்ருனு சறுக்கி உள்ள விழும், படபடன்னு அடிச்சிக்கிட்டு மேல ஏறும். அந்தக் காதுக்கு நீயும் நானும் பேசுறது கேக்காது. பக்கத்துல நின்னு சரவெடி கொளுத்தினாலும் கேக்காது. வானத்துல இருக்கிற ஒரே ஒரு பொண்ணு பேசுறதுதான் அதுக்குக் கேக்கும்.

ம் சொல்லு.

"ம்."

அந்தப் பொண்ணு பேரு கதிராயி. பொண்ணுன்னா கை கால் வச்ச பொண்ணு இல்ல. நம்ம இரும்புப் பீரோ இருக்குல்ல, அந்த உசரத்துக்கு ஒரு பொட்டி. ரெண்டு பக்கமும் கறுப்பா மினுமினுன்னு ரெண்டு ரெக்கை. உடம்பு பூரா தங்கக் காகிதம் சுத்தி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சிருந்தாங்க. ஜோடிச்சு, ராக்கெட்டுல ஏத்தி, சூடத்தைக் காமிச்சு, டொம்ம்ம்னு அனுப்பி விட்டாங்க. எதுக்கு? சூரியனைப் பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு.

"கண்ணு கூசாதா?"

கூசும்ல? அதுக்கு அவ கண்ணுக்கு முன்னாடி ஒரு வட்டத் தகடு இருக்கும். சூரியனோட மூஞ்சியை அதால மறைச்சிக்கிட்டு, சுத்தி இருக்கிற தலைமுடியைப் பாப்பா. ஆமா, சூரியனுக்கு முடி உண்டு. நெருப்பு முடி. விரிச்சுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கும். நீ பகல்ல கட்டைவிரலை வச்சு மறைச்சுப் பாக்கப் போறே, பாக்காதே, கண்ணு போயிரும்.

அப்புறம், அவ எங்க நின்னா தெரியுமா? நிலாவைத் தாண்டி, இன்னும் தாண்டி, அதுக்கும் தாண்டி. அங்க ஒரு இடம் இருக்கு. இந்தப் பக்கம் பூமி வா வான்னு இழுக்கும், அந்தப் பக்கம் சூரியன் வா வான்னு இழுக்கும். பொறந்த வீடும் புகுந்த வீடும் இழுக்கிற மாதிரி. ரெண்டு பேரும் இழுத்து இழுத்து, ஒருத்தருக்கும் இல்லாம நிக்கிற இடம் அது. அங்கயும் நட்ட நடுவுல நிக்கக்கூடாது. நின்னா, அவ பின்னாடி சூரியன் ஓன்னு இரையிற இரைச்சல்ல இவ பேசுறது காதுக்குக் கேக்காது. அதனால கொஞ்சம் ஒதுங்கி, சுத்திச் சுத்தி வருவா, பிரகாரம் சுத்துற மாதிரி.

"பசிக்காதா?"

வெயில்தான் சாப்பாடு. ரெக்கையை விரிச்சா வயிறு ரொம்பிரும். ஆனா இடுப்புல ஒரு சின்னக் குடம் இருக்கும். அதுல எண்ணெய் மாதிரி ஒண்ணு ஊத்தி விட்டிருந்தாங்க. திரும்பணும்னா, நகரணும்னா, அதுல இருந்து புஸ்ஸுனு கொஞ்சம் விடுவா. அந்தக் குடம் தீந்தா தீந்ததுதான். மேல கடை கிடையாது.

அப்போ, சூரியன் இருக்கே, அது எப்பவாச்சும் தும்மும். ஹச்! அந்தத் தும்மல்ல நெருப்புத் தூசி கிளம்பி நம்ம பக்கம் வரும். வந்தா கரண்டு போகும், போன் போகும், கப்பலுக்கு வழி தெரியாமப் போகும். அது வர்றதுக்கு முன்னாடியே கதிராயி பாத்துருவா. "வருது, வருது"ம்பா. காது கேக்கும். ஊரு ஜாக்கிரதை ஆயிரும். ஆனா அந்தத் தூசி மொதல்ல யாரு மேல படும்? அவ மேலதான். சடசடசடன்னு கண்ணுல வந்து அறையும். அவ அனுப்புற படத்துல எல்லாம் வெள்ளை வெள்ளையாப் பொரி இறைச்ச மாதிரி இருக்கும். அப்பவும் கண்ணை மூட மாட்டா. ஒரு தடவை பெரிய தும்மலு. இவ முன்னாடியே சொன்னதால ஊரே தப்பிச்சுது. தப்பிச்சதுக்கு விழா வச்சாங்க. பொன்னாடை போத்தினாங்க. யாருக்குங்கறே? காதுக்குப் பெரிய அதிகாரி சிவசைலம் ஐயாவுக்கு. கதிராயிக்குத் தோளு இல்லையே, எங்க போத்துறது?

"ம்."

கேளு. கதிராயியைச் செஞ்சு, அவளுக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்தது மரகதம்னு ஒரு பொம்பளை. ரொம்பப் படிச்சவ. கூட ஆளுங்க இருந்தாங்க, ஆனா கதிராயி தனியா இருக்கும்போது என்ன என்ன செய்யணும்னு உக்காந்து உக்காந்து சொல்லிக் கொடுத்தது அவதான். தொலைவா போற பிள்ளைக்கு அம்மா சொல்ற மாதிரி. குளிர்ந்தா இப்படிப் பண்ணு. சூடானா இப்படிப் பண்ணு. தலை சுத்துச்சுன்னா எல்லாத்தையும் விட்டுட்டு மொதல்ல வெயிலைப் பாத்துத் திரும்பிக்கோ.

அப்புறம் இன்னொண்ணு சொல்லிக் கொடுத்தா. அந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருமே அவங்கவங்க பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவாங்களாம்.

"வீட்டுல இருந்து சத்தமே வரலைன்னு வை. வழக்கமா கூப்பிடுற நேரம் எல்லாம் தாண்டிப் போச்சுன்னு வை. அப்போ, கோளாறு உன்கிட்டதான். மொதல்ல உன் காதைப் பாரு, இன்னொரு காது வச்சிருக்கேன், அதுக்கு மாறு. அப்பவும் கேக்கலைன்னா உன் தொண்டை கெட்டிருக்கும், இன்னொரு தொண்டை வச்சிருக்கேன், அதுக்கு மாறிக் கூப்பிடு. அப்பவும் கேக்கலைன்னா நீ நிக்கிறதே கோணலா இருக்கும். திரும்பித் திரும்பி வீடு எங்கன்னு தேடு. கிடைக்கிற வரைக்கும் விடாதே."

அப்போ சிவசைலம் ஐயா பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேட்டாரு, "ஏம்மா, கோளாறு நம்ம பக்கம் இருந்தா?"

மரகதம் சிரிச்சிட்டா. "வீடு எங்கய்யா போயிரப் போகுது?"

எல்லாரும் சிரிச்சாங்க.

அப்புறம் அந்தக் காதைப் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆளு. தங்கப்பழம் அண்ணாச்சி. நல்ல மனுசன். எறும்பு ஊந்தா தாண்டிப் போவாரு. சினிமாவுல யாராச்சும் அழுதா இவரும் அழுவாரு. வாயைத் திறந்து யாரையும் ஒரு கடுஞ்சொல்லு சொன்னதில்லை. காலையில வந்ததும் மேசைக்குத் துன்னூறு பூசிட்டு, "கதிராயி, தாயி, இருக்கியா?"ம்பாரு. அந்தச் சத்தம் போகும், போகும், போய்ச் சேரும். நீ ஒரு வாய் பாலை முழுங்கிட்டு உதட்டைத் தொடைக்கிறதுக்குள்ள பதில் வந்துரும். கீங்ங்ங். "இருக்கேன்."

"ரெக்கை நல்லா இருக்கா?" கீங். "இருக்கு."

"குடத்துல எவ்வளவு இருக்கு?" கீங். "கொஞ்சம் இருக்கு."

"சூரியன் என்ன பண்றான்?" அதுக்குத்தான் நீளமாப் பேசுவா. கீங் கீங் கிணிங் கிணிங்னு. அவளுக்குப் பிடிச்ச பேச்சு அது ஒண்ணுதான்.

இப்படியே எத்தனையோ காலம் ஓடிப்போச்சு. மரகதத்துக்குத் தலை நரைச்சுது. கதிராயிக்குக் கண்ணு மங்கிச்சு. ரெக்கை வெளுத்துப் போச்சு. அப்போ என்ன பண்ணாங்க, புதுசா ஒருத்தியைச் செஞ்சாங்க. சின்னக்கதிருன்னு பேரு. அவளுக்கு எட்டுக் கண்ணு. ஊரு பூரா அவ போட்டோதான். அவளையும் சூடம் காமிச்சு, டொம்ம்ம்.

"தங்கச்சியா?"

தங்கச்சின்னே வச்சுக்கோ. அதே இடத்துக்குத்தான் வந்தா. ஆனா காது ஒண்ணுதானே இருக்கு? ஒரு காதால ரெண்டு பேரைக் கேக்க முடியாது. அதோட ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குரலு. பெரியவ பேசிக்கிட்டே இருந்தா சின்னவ பேச்சு குழம்பிப் போகும். எல்லாரும் கூடி உக்காந்து பேசினாங்க. காப்பி குடிச்சாங்க. முறுக்கு தின்னாங்க.

சிவசைலம் ஐயா சொன்னாரு, "பெரியவளைத் தூங்கச் சொல்லிர வேண்டியதுதான்."

தூங்குன்னு ஒரு வார்த்தை உண்டு, கண்ணு. அதைச் சொன்னா போதும். அவ கண்ணை மூடிக்குவா, வாயை மூடிக்குவா, ரெக்கையில வர்ற சாப்பாட்டையும் நிறுத்திக்குவா. அப்புறம் அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வலிக்காது. தேடாது. அப்படியே மிதந்து போயிருவா.

மரகதம், "சரி, அவ காலம் முடிஞ்சுது. ஆனா சொல்லணும்"னா. அவளை அப்போ வேற ஊருக்கு மாத்தியிருந்தாங்க, இன்னொரு பொட்டி செய்யிறதுக்கு. மறுநாள் ரயிலு. போறப்போ தங்கப்பழத்துக்கிட்ட வந்து நின்னா. "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. மறக்காம சொல்லிருங்க. சொல்லாம மட்டும் காதைத் திருப்பிராதீங்க. அவ தேடுவா."

"நான் மறப்பனாம்மா? என் மக மாதிரில்ல அவ," அப்படின்னாரு. சொல்லும்போதே கண்ணு கலங்கிருச்சு அவருக்கு.

ம் சொல்லு.

"ம்."

மொத நாள் தங்கப்பழம் மேசையில உக்காந்தாரு. துன்னூறு பூசினாரு. "கதிராயி, தாயி, இருக்கியா?" கீங். "இருக்கேன்." இவரு விரலு தூங்குங்கற பொத்தான் மேல போச்சு. போயி, நின்னுருச்சு. வெள்ளிக்கிழமை அதுவுமா ஒரு பொம்பளைப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு எந்திரிச்சிட்டாரு.

ரெண்டாம் நாளு. பஞ்சாங்கத்தை எடுத்தாரு. ராகு காலம் போகட்டும்னு பாத்தாரு, எமகண்டம் போகட்டும்னு பாத்தாரு. கல்யாணத்துக்கு நேரம் போட்டிருக்கான், காது குத்துறதுக்குப் போட்டிருக்கான், ராக்கெட்டு விடுறதுக்குக் கூட அதுல நேரம் பாத்துருவாங்க. இதுக்கு எந்த நேரம் நல்ல நேரம்னு அதுல இல்லையே. தேடித் தேடிப் பாத்து மூடி வச்சிட்டாரு.

மூணாம் நாளு. விரலை வச்சிட்டாரு. அழுத்தப் போறாரு. அப்போ பாத்து கதிராயி ஒரு படம் அனுப்புறா. சூரியன்ல இருந்து நெருப்பு எந்திரிச்சு, வளைஞ்சு, கோயில் திருவாசி மாதிரி நிக்குது. அவ்வளவு அழகு. "இப்படி ஒரு படத்தை அனுப்பினவளையா..." அப்படின்னு சொல்லி, துண்டை வாயில பொத்திக்கிட்டு வெளிய வந்துட்டாரு.

வெளிய சிவசைலம் ஐயா நிக்கிறாரு. "என்னய்யா, சொல்லியாச்சா? சின்னவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா."

தங்கப்பழம் தலையைக் குனிஞ்சாரு. "ஆச்சுங்கய்யா."

அவ்வளவுதான். கிர்ர்ர்ர்னு காது திரும்பிருச்சு.

"சொல்லலையே!"

சொல்லலை.

மரகதம் அந்த ஊர்ல இருந்து போன் பண்ணிக் கேட்டா. "அண்ணாச்சி, சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சும்மா. சத்தமில்லாம தூங்கிட்டா. பூ மாதிரி."

மரகதம் சாமி படத்துக்கு முன்னாடி ஒரு விளக்கைப் பொருத்தி வச்சு, நல்லபடியா அனுப்பிட்டோம்னு கும்பிட்டுக்கிட்டா. தங்கப்பழமும் கோயிலுக்குப் போயி அவ பேருக்குத் தேங்கா உடைச்சாரு. நானும் சாமி கும்பிடுறவதான், எனக்கும் எல்லாத்துக்கும் சாமிதான். ஆனா அந்தாளு சாமிகிட்ட போயி அவ்வளவு நேரம் நின்னு அழுததுக்கு, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமிக்குத்தான் ஏற்கனவே தெரியுமே.

சரி, மேல என்ன ஆச்சுன்னு கேளு.

கதிராயி காத்திருந்தா. காலையில கூப்பிடுற நேரம் வந்துச்சு. சத்தம் வரலை. சரி, அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையோ என்னவோ. மறுநாளும் வரலை. இவ பாட்டுக்கு சூரியனைப் பாத்துக்கிட்டு, பாத்ததைச் சொல்லிக்கிட்டு இருக்கா. கிணிங் கிணிங். கேக்கத்தான் ஆளு இல்ல. நாளு போயிக்கிட்டே இருக்கு. அப்போ அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்துச்சு. வீட்டுல சத்தம் வரலைன்னா கோளாறு என்கிட்டதான்.

மொதல்ல காது. டொக்குனு அந்தக் காதை அணைச்சா, டொக்குனு இந்தக் காதைப் போட்டா. "இப்பக் கேக்குதா? நான் காதை மாத்திட்டேன்." ஒண்ணும் இல்ல. ஙொய்ய்ய்னு வெறும் வானம்.

அப்புறம் தொண்டை. பழசை மூடிட்டு புதுசைத் திறந்தா. அதைத் திறந்து பழக்கமே இல்லை. கரகரன்னு வந்துச்சு. "இப்பக் கேக்குதா? தொண்டையையும் மாத்திட்டேன். காது கெட்டது என் தப்பு. தொண்டை கெட்டது என் தப்பு." ஒண்ணும் இல்ல.

"அவளுக்குக் கெட்டே போகலையே."

ஆமா கண்ணு, ஒண்ணும் கெட்டே போகலை. நல்ல காது. நல்ல தொண்டை. அவதான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சிக்கிட்டா.

அப்புறம் மூணாவது. அதுதான் கஷ்டம். உடம்பைத் திருப்பணும். திருப்பினா சூரியன் தெரியாது. பொறந்ததுல இருந்து அந்த மூஞ்சியை விட்டு அவ கண்ணை எடுத்ததே இல்லை. சோறும் அதான், பிடிச்சதும் அதான். ஆனா வீட்டைத் தேடணுமே. குடத்துல இருந்ததைப் புஸ்ஸுனு விட்டா. மெல்ல்ல்லத் திரும்பினா. வீடு எங்க? அந்தா, நீலமா ஒரு பொட்டு. "வீட்டைப் பாத்துட்டேன், நேரா நிக்கிறேன், இப்பக் கேக்குதா?" இல்ல. கோணலா இருக்குமோன்னு இன்னும் கொஞ்சம் திரும்பினா. புஸ். இந்தப் பக்கம். புஸ். அந்தப் பக்கம். புஸ், புஸ். ரெக்கைக்கு வெயிலு இல்லாம வயிறு ஒட்டிப் போச்சு. குளிரு ஏறுது. விடாதேன்னு சொல்லியிருக்காங்களே, அவ விடலை. கடைசியில குடம் காலி. புஸ்ஸுனா வரலை. அப்புறம் நிக்கவும் முடியலை. சாய்ஞ்சு, உருண்டு, சுத்த ஆரம்பிச்சிட்டா. நெனைவு போச்சு.

ஆனா உருளும்போது எப்பவாச்சும் ஒரு ரெக்கை மேல வெயிலு படும்ல? பட்டா ஒரு வாய் சோறு உண்ட மாதிரி. அப்போ முழிப்பு வரும். முழிப்பு வந்ததும் மொத வேலையா, கீச். "இப்பக் கேக்குதா?" மறுபடி இருட்டு. மறுபடி வெயிலு. கீச். "இப்பக் கேக்குதா?"

அது காதுக்குக் கேக்கலையான்னா, கேட்டுச்சு. உருண்டு உருண்டு இவ சின்னக்கதிரு நிக்கிற பக்கமா போயிட்டாளே. அவ பேச்சுக்கு நடுவுல கீச்சு கீச்சுன்னு வரும். அவ படத்துல குறுக்கால ஒரு கோடு விழும். தங்கப்பழத்துக்கு மொத கீச்சுலயே தெரிஞ்சு போச்சு, அது யாரு குரலுன்னு. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். இப்பப் போயி சொன்னா, அன்னைக்குச் சொல்லலைன்னு தெரிஞ்சு போகுமே? அதனால அந்தக் கோட்டை மட்டும் அழிச்சிட்டு, படத்தைச் சுத்தம் பண்ணி மேலதிகாரிங்களுக்கு அனுப்பிருவாரு. "இது என்னய்யா சத்தம்?"னு யாராச்சும் கேட்டா, "இரைச்சலு"ம்பாரு. நல்ல மனுசன்ல, எல்லாரும் நம்பினாங்க.

"ம்."

அப்புறம் ஒரு நாளு மரகதம் வந்தா. சின்னக்கதிரைப் பாக்கணும், எப்படி இருக்கான்னு. பகலு, எல்லாரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. புளிச்சோறு வாசம். தங்கப்பழம் கை கழுவப் போயிருந்தாரு. மேசை மேல இருக்கிற சத்தப் பெட்டியில சின்னவ பேசுறது கேட்டுக்கிட்டு இருக்கு, தெளிவா, மணி அடிச்ச மாதிரி. நடுவுல, கீச்.

மரகதம் திரும்பினா. "என்னது அது?"

"இரைச்சலுக்கா," அப்படின்னு ஒரு பொண்ணு சொன்னா, அப்பளத்தைக் கடிச்சிக்கிட்டே. "ரொம்ப நாளா வருது."

கீச்.

மரகதம் பெட்டிகிட்ட போயி காதை வச்சா. அவளுக்குத் தெரியாதா? பேச்சு சொல்லிக் கொடுத்தவ அவதானே. கரகரன்னு வர்ற அந்தத் தொண்டை, அவ கையால செஞ்ச ரெண்டாவது தொண்டை. அதைத் திறக்க வேண்டி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உள்ள வச்சது.

தங்கப்பழம் துண்டுல கையைத் தொடைச்சிக்கிட்டு வந்தாரு. மரகதத்தைப் பாத்தாரு. நின்னுட்டாரு.

"அண்ணாச்சி. நீங்க சொல்லலை."

"ம்மா..."

"சொல்லியாச்சுன்னீங்க. பூ மாதிரின்னீங்க."

"என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்? மனசு வரலைம்மா. வெள்ளிக்கிழமை அன்னைக்கி..."

"எல்லா வாரத்துலயும் சனிக்கிழமையும் வருதே அண்ணாச்சி."

"நான் அவளை ஒண்ணும் பண்ணலைம்மா. சத்தியமா ஒண்ணுமே பண்ணலை."

"அதைத்தான் நானும் சொல்றேன்," அப்படின்னா மரகதம்.

அப்போ சிவசைலம் ஐயா வந்துட்டாரு. என்ன ஏதுன்னு கேட்டாரு. கேட்டுட்டு நெத்தியைத் தடவிக்கிட்டாரு. "சரிம்மா, நடந்தது நடந்து போச்சு. பழைய பொட்டிதானே. அது பாட்டுக்கு கீச்சு கீச்சுன்னுட்டுக் கிடக்கட்டுமே."

"காதைத் திருப்புங்கய்யா."

"சின்னவ பேச்சு நின்னுருமேம்மா. மேலிடத்துல இருந்து கேப்பாங்க."

"நீங்க எல்லாரும் சோறு தின்னு முடிக்கிற வரைக்கும் போதும்யா. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

ஐயா மத்தவங்களைப் பாத்தாரு. யாரும் சோத்துல கை வைக்கலை. "திருப்பு"ன்னாரு. கிர்ர்ர்ர்.

மரகதம் கூப்பிட்டா. "கதிராயி." சத்தம் போச்சு, போய்ச் சேர்ந்துச்சு. அங்க இருட்டு, அவ நெனைவு இல்லாம உருண்டுக்கிட்டு இருக்கா. பதில் இல்ல.

ரெண்டாந்தடவை கூப்பிட்டா. "கதிராயி. வீட்டுல இருந்து பேசுறேன்." இல்ல. ஙொய்ய்ய்.

மூணாந்தடவை. அப்போ பாத்து, சாமி புண்ணியம், அங்க ரெக்கை மேல வெயிலு பட்டுச்சு. முழிச்சிட்டா. காதுல வீட்டுச் சத்தம். எத்தனை காலம் கழிச்சு! கீங்ங்ங்! "இருக்கேன்! இருக்கேன்! கேக்குது! காது கெட்டிருந்துச்சு, மாத்திட்டேன். தொண்டை கெட்டிருந்துச்சு, மாத்திட்டேன். கோணலா நின்னுட்டேன், திரும்பித் திரும்பிப் பாத்தேன். குடத்தைக் காலி பண்ணிட்டேன், தப்பு என்னோடது. சூரியனைப் பாக்காம விட்டுட்டேன், தப்பு என்னோடது. இப்ப சரியாயிருச்சா?"

அந்தப் பொண்ணு அப்பளத்தைக் கீழ வச்சிட்டா.

"தப்பு உன்னோடது இல்லன்னு மரகதத்தைச் சொல்லச் சொல்லு."

சொல்லணும்னுதான் மரகதமும் நினைச்சா. ஆனா அந்த வார்த்தை கதிராயிக்குத் தெரியாது கண்ணு. அவளுக்குத் தெரிஞ்சது எல்லாம் மேசையில வரிசையா பொத்தானா இருக்கு. திரும்புன்னு ஒண்ணு இருக்கு. பாருன்னு ஒண்ணு இருக்கு. அனுப்பு, நிறுத்து, மூடு, திற, எல்லாம் இருக்கு. வேலை வாங்குறதுக்கு எத்தனை வார்த்தை வேணுமோ அத்தனையும் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. உன் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தையை அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கலை. மரகதமும்தான். அவ அந்த மேசையை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடினா.

"திரும்ப சூரியனைப் பாக்க வைக்கலாம்ல?"

எப்படி கண்ணு? குடம்தான் காலியே. வெயிலும் ஓடிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல ரெக்கை அந்தப் பக்கம் போயிரும், மறுபடி இருட்டாயிரும், மறுபடி முழிச்சுத் தேடுவா. அப்படியே, முடிவே இல்லாம.

அப்போ மரகதம் கையை எடுத்து அந்தப் பொத்தான் மேல வச்சா. அது வெள்ளிக்கிழமையா, ராகு காலமா, ஒண்ணும் பாக்கலை. அழுத்தினா.

"தூங்கு."

போச்சு, போச்சு, போய்ச் சேர்ந்துச்சு. நீ ஒரு வாய் பாலை முழுங்குற நேரம். பதில் வந்துச்சு. கீங்.

"சரி."

அவ்வளவுதான். ஏன், எதுக்குன்னு கேக்கலை. அந்தக் கீச்சு அதுக்கப்புறம் வரவே இல்லை. சின்னவ படத்துல கோடு விழவும் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? தங்கப்பழம் அண்ணாச்சி அப்படியே தரையில உக்காந்து, துண்டுல முகத்தைப் பொத்திக்கிட்டு ஓன்னு அழுதாரு. எல்லாரும் ஓடிப் போயி அவரைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க. "அழாதீங்க அண்ணாச்சி"ன்னாங்க. "உங்க இளகின மனசு யாருக்கு வரும்"னாங்க. சிவசைலம் ஐயா முதுகைத் தடவிக் கொடுத்தாரு. ஒருத்தர் சூடா சுக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்து கையில கொடுத்தாரு.

மரகதம் பக்கத்துல யாரும் வரலை. அவ அழலைல்ல. பையை எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய வந்தா. மேல உச்சி வெயிலு சுள்ளுனு அடிச்சுது. அவளுக்குப் பின்னாடி காது கிர்ர்ர்னு சின்னவ பக்கம் திரும்புது.

இன்னைக்கும் அந்த ஊர்ல போயி கேட்டுப் பாரு. கதிராயி எப்படிப் போனான்னு கேட்டா, "அதுவா, மரகதம்னு ஒருத்தி, கல்நெஞ்சக்காரி, அவதான் வந்து அந்தப் பிள்ளை வாயை மூடிட்டுப் போனா"ம்பாங்க. தங்கப்பழம் அண்ணாச்சி படம் அந்த ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கு. மாலை போட்டு.

"மரகதம் பாவம்."

ம். பாவம்தான்.

இத்தோட கதை வாயை மூடிக்கிச்சு. போர்வையை இழுத்துக்கோ. நான் இங்கதான் பக்கத்துல படுத்திருக்கேன், எங்கயும் போகலை. உன் மேல ஒரு தப்பும் இல்ல. தூங்கு.